நெய்யாற்றின்கரை இடவழிகளும் கம்ப்யூட்டர் சிப்பாய்களும்

"எப்பப் பார்த்தாலும் துப்பாக்கியும் கையுமா அந்த கேம்தான்!"

மஸ்கட்டில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. எங்கள் வீடும் விதிவிலக்கில்லை. ஆனால் இன்றைய பதிவு பிள்ளைகளைத் திட்டுவதற்கில்லை, பெற்றோருக்கு உபதேசம் செய்வதற்கும் இல்லை. முன்பின் தெரியாத நிலத்தில் ஒரு படை எப்படி வழி கண்டு நடந்தது என்று பார்ப்பதற்கு, இதே மாதிரி விளையாட்டுகளை உலகத்தில் பல ராணுவங்கள் பயன்படுத்துகின்றன. அந்த வித்தையை எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு, அதாவது பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அதுதான் விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரித்திரம் படித்தவனில்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிற ஆள். அதனால் கொஞ்சம் வங்கி வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மையில் ஆரம்பித்த கதை

படைக்கு வழிகாட்ட விளையாட்டு என்பது புதுச் சரக்கு இல்லை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும் 1812 முதல் 1824 வரை உருவாக்கிய போர் விளையாட்டு அந்த நாட்டு ராணுவ அதிகாரிகளுக்கே பாடமானது. வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்துவார்கள். ஆற்றைக் கடக்க இத்தனை நிமிஷம், மேடு ஏற இத்தனை நிமிஷம் என்று விதி உண்டு. நம் ராணுவத்திலும் தரையில் மணலைக் குவித்து மலை, ஆறு, பாதை எல்லாம் செய்துவைத்து, அதைச் சுற்றி நின்று திட்டம் போடும் வழக்கம் உண்டு.

1980களில் அமெரிக்கர்கள் பல டாங்கிப் பயிற்சிப் பெட்டிகளை ஒரே வலையில் இணைத்து சிம்நெட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். 1996ல் அவர்களுடைய மரைன் படை, கடையில் விற்ற டூம் விளையாட்டையே கொஞ்சம் மாற்றி நாலு பேர் கொண்ட குழுவுக்குப் பயிற்சி கொடுத்தது. 2001ல் செக் நாட்டுக் கம்பெனி ஒன்று ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் வழியில் வந்ததுதான் ராணுவங்கள் வாங்கிப் பயன்படுத்தும் விபிஎஸ். நம் பிள்ளைகள் விளையாடும் ஆர்மாவும் அதே குடும்பம்தான்.

இதில் சரித்திரம் எங்கே வருகிறது? 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில் ஒரு டாங்கிச் சண்டை நடந்தது. அந்த இடத்தில் ஊரும் இல்லை, மலையும் இல்லை. அதனால் வரைபடத்துக் கோட்டின் எண்ணையே பெயராக வைத்து "73 ஈஸ்டிங்" என்றார்கள். சண்டை முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு குழு அங்கே போனது. சண்டையிட்டவர்களை உட்காரவைத்து விசாரித்தது. களத்தை அளந்தது. பிறகு அந்தச் சண்டை முழுவதையும் சிம்நெட்டில் மறுபடி ஓடவிட்டார்கள். எந்த டாங்கி எந்த மேட்டில் ஏறியபோது எதிரி கண்ணில் பட்டான் என்று திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நடந்துபோன ஒன்றை சினிமா மாதிரி பின்னால் ஓட்டி, வேறு கோணத்தில் நின்று பார்க்கிற வசதி.

பாலைவனத்தில் அது சரி. தென்னந்தோப்பில்?

1809 பிப்ரவரி

எங்கள் பக்கத்தில் இந்தச் சோதனைக்குத் தோதான சம்பவம் ஒன்று உண்டு. வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்த கதை. இரணியல் பக்கம் தலக்குளத்தில் பிறந்தவர் அவர். 1809 ஜனவரியில் குண்டறையில் அவர் விடுத்த அறிக்கை கேரளப் பள்ளிக்கூடங்களில் பாடம். அதற்குக் கம்பெனி கொடுத்த பதில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கிளம்பிய படை.

திருவிதாங்கூருக்குள் கிழக்கிலிருந்து நுழைய முக்கியமான வாசல், ஆரல்வாய்மொழி. அந்தக் கணவாயை அடைத்து சுமார் 2 மைல் நீளத்துக்குக் கோட்டைச் சுவர் இருந்தது. இரண்டு முனையும் மலையில் போய் முட்டும். மலைப் பக்கம் யாரும் வர முடியாது என்பது காவல் நின்றவர்கள் நம்பிக்கை.

கேம் விளையாடுகிற பிள்ளைகளைக் கேளுங்கள், "கண்ணுக்குத் தெரியாத சுவர்" என்று ஒன்றைச் சொல்வார்கள். மலை தெரியும், ஏற முடியாது. புரோகிராம் எழுதியவர் அங்கே பாதை வைக்கவில்லை. ஆரல்வாய்மொழி மலையும் காவலர் கணக்கில் அப்படித்தான். கம்பெனிப் படையில் மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் தெற்குப் பக்கத்துப் பாறை மலையில் தட்டுத்தடுமாறி ஏறினார். பிப்ரவரி 10 விடிகிற நேரம் உச்சிக் காவல் அரண் அவர் கையில். அதன்பிறகு கீழே இருந்த சுவருக்கு என்ன மதிப்பு? 1830ல் அவர் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகவே போட்டார்.

அதற்குப் பிறகு நாகர்கோவில் பக்கம் சண்டை நடந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய எதிர்ப்பில்லாமல் விழுந்தன. கடைசியில் திருவனந்தபுரத்தை ஒட்டிய பாப்பனங்கோட்டில் கம்பெனிப் படை கூடாரம் அடித்தது. பத்மநாபபுரத்திலிருந்து பாப்பனங்கோடு போக வேண்டுமானால் குழித்துறை ஆற்றையும் நெய்யாற்றையும் தாண்டாமல் முடியாது. ஆக, இன்றைய களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழிதான். (இன்று அந்த வழியில் இரண்டு மாநிலங்கள். அன்று ஒரே ராஜ்யம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1ல்தான். நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எங்களைப் போன்ற தமிழ் வீடுகளும் அதோடு அங்கேயே நின்றன.)

அந்தப் படையின் கையில் நல்ல வரைபடம்கூடக் கிடையாது. வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூரை ஊர் ஊராக அளந்தது 1816 முதல் 1820 வரை. அதாவது முதலில் படை வந்தது, வரைபடம் ஏழு வருஷம் கழித்துத்தான் ஆரம்பித்தது. அப்படியானால் சிப்பாய் வழியை யாரிடம் கேட்டிருப்பான்?

முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி

இந்த இடத்தில் என் மூத்த பையன் உள்ளே வருகிறான். இன்ஜினியரிங் முதல் வருஷம். போன லீவில் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்பா, அந்த இடத்தை ஆர்மாவில் செஞ்சு நடக்க விட்டுப் பார்ப்போமா?" என்று உட்கார்ந்துவிட்டான்.

2000 பிப்ரவரியில் நாசாவின் விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் வைத்து பூமியின் மேடுபள்ளத்தை அளந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி. அதை விளையாட்டுக்குள் ஏற்றி மரம் நட்டால் ஊர் ரெடி. நாலு நாள் ராத்திரி கண் விழித்து, குழித்துறையிலிருந்து நெய்யாறு வரை செய்தான். ஒரு குழுச் சிப்பாய்களைக் களியக்காவிளையில் நிறுத்தி "நெய்யாற்றுக்குப் போ" என்று உத்தரவு கொடுத்தான்.

போனார்கள், நேர்கோட்டில்! ஏதோ மஸ்கட் கடற்கரையில் மாலை நடை போகிறவர்கள் மாதிரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் நேர்கோட்டில் யாரும் நடக்க முடியாது. விளைக்கு விளை கையாலை. மண்ணை அடித்துக் கட்டி, மழையில் கரையாமலிருக்க மேலே செடி வளர்ந்து இறுகிப்போன வரப்புச் சுவர். இரண்டு கையாலைக்கு நடுவில் பள்ளமாக ஓடும் இடவழி. சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் அதற்கும் மேலே. அதற்குள் இறங்கினால் வானம் தெரியும், திருப்பத்துக்கு அப்புறம் என்ன என்று தெரியாது. மழைக்காலத்தில் இடவழியே தோடாகிவிடும். விளை இறங்கினால் ஏலா. நெல் நிற்கும்போது வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இது எதுவும் பையனுடைய நிலத்தில் இல்லை. ஆறடி அகல இடவழி, முப்பது மீட்டர் வலையில் எப்படிச் சிக்கும்? பெரிய கண்ணி வலையில் நெத்திலி பிடிக்கப் போன கதைதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த ரேடார் பல இடத்தில் மண்ணைத் தொடவில்லை, மரத்தின் தலையைத்தான் தொட்டது. அடர்ந்த தோப்பு அதன் கணக்கில் மேடு. வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று, அதற்கு ஒரு சின்னப் பொற்றை. அதுவும் 1809க்குப் பொருந்தாது. ரப்பர் எங்கள் பக்கம் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். மரச்சீனி இல்லாமல் எங்கள் ஊரை நினைக்க முடியாது, ஆனால் விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊக்குவித்துப் பரப்பியது 1880களில். நெய்யாற்றில் அணை கட்டி முடிந்தது 1958ல். இன்றைய ஆற்றின் தண்ணீரை வைத்து அன்றைய ஆற்றைக் கடக்க முடியாது.

பையன் சோர்ந்துபோகவில்லை. "அப்பா, நீ சொல்லு, நான் போடறேன்" என்றான். ரப்பரை எடுத்தோம். எனக்கு ஞாபகமிருந்த கையாலைகளைப் போட்டோம். மறுபடி நடக்க விட்டோம். இந்தத் தடவை சிப்பாய்கள் திணறினார்கள். ஒரு இடவழியில் நுழைந்து, வேறெங்கோ வெளியே வந்து, இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். மேட்டில் ஒரு ஆளை நிறுத்தினாலும் கீழே போகிறவன் அவன் கண்ணில் படவில்லை.

இங்கேதான் இந்த வித்தையின் பலன் எனக்குப் பிடிபட்டது. செயின்ட் லெஜரின் படை வந்தது பிப்ரவரியில். கும்பப்பூ அறுவடைக் காலம், மழை கிடையாது. அறுத்த ஏலா காய்ந்து இறுகியிருக்கும், ஆற்றிலும் தண்ணீர் குறைவு. பீரங்கி வண்டியோடு வந்த படைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. இதே படை ஜூன் மாத இடவப்பாதியில் வந்திருந்தால்? பையனிடம் ஏலாவில் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். வண்டி எதுவும் நகரவில்லை. புத்தகத்தில் "பிப்ரவரி 10" என்று நாம் தாண்டிப்போகிற தேதிக்கு எத்தனை கனம் என்று அப்போது தெரிந்தது.

கணக்கில் வராத சொத்து

ஆனாலும் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. வங்கியில் நாங்கள் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்வோம். வட்டி இத்தனை ஏறினால், விலை இத்தனை விழுந்தால் நம் கடன்கள் என்னாகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போம். எல்லாம் சரியாக வரும். ஆனால் ஒரு வதந்தியைக் கேட்டு ஜனங்கள் காலையில் வரிசையில் வந்து நின்றால் என்னாகும் என்பதை அதில் எழுதுவது லேசில்லை. மனுஷன் என்ன செய்வான் என்பதுதான் மிஞ்சி நிற்கும் கேள்வி.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலாவு. 1729ல் பட்டத்துக்கு வருவதற்கு முன்னால் மார்த்தாண்ட வர்மாவை எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தினார்கள். அவர் அந்தப் பிலாவின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார், இடத்தைக் காட்டியது ஒரு சிறுவன் என்பது ஐதீகம். அந்தச் சிறுவன் கிருஷ்ணனே என்று நம்பித்தான் பிறகு கோயில் எழுந்தது என்பார்கள்.

இரண்டு, அதே வேலுத்தம்பி. தோற்றபிறகு வடக்கே போனார். கிளிமானூர் அரண்மனையில் தன் வாளைக் கொடுத்துவிட்டு மண்ணடிக்குப் போய் ஒளிந்தார். இருப்பிடம் வெளியானது அவருடைய வேலைக்காரர் மூலமாக என்று திருவிதாங்கூர் வரலாறுகள் சொல்கின்றன. தேடி வந்தவர்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டுமல்ல, திருவிதாங்கூர் சர்க்கார் ஆட்களும்தான். பிடிபடுமுன் பகவதி கோயிலில் உயிரை விட்டார்.

முதல் கதை ஐதீகம், இரண்டாவது சரித்திரம். இரண்டிலும் மண் ஒரே மாதிரிதான். கையாலை உண்டு, இடவழி உண்டு, பொந்து உண்டு, கோயில் உண்டு. ஒருவர் பிழைத்ததும் மற்றவர் பிழைக்காததும் மேடுபள்ளத்தால் அல்ல. ஒரு இடத்தில் தெரிந்தவர் வழியைக் காட்டினார், இன்னொரு இடத்தில் தெரிந்தவர் வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. ஒளிந்திருக்கும் ஆளை எதிரி எத்தனை டிகிரி கோணத்தில், எத்தனை அடி தூரத்தில் பார்ப்பான் என்று கேம் கணக்குப் போடும். பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுப்பாரா என்று அதற்குத் தெரியாது.

கேம்களில் ஓரமாக நடந்துபோகும் ஊர்ஜனங்களுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "என்பிசி". அதாவது விளையாடாத பாத்திரம். பின்னணிக்கு வைத்த ஆள். இதைக் கேட்கும்போது எனக்கு 1938 ஆகஸ்ட் 31 ஞாபகம் வரும். பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின்போது, நெய்யாற்றின்கரையில் கூடிய ஜனங்கள் மேல் சமஸ்தானத்துத் துருப்புகள் சுட்டன. வீரராகவன் உள்படப் பலர் செத்தார்கள். அன்றைக்குச் சிப்பாய்களுக்கு வழி கண்டுபிடிக்கும் கஷ்டமே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து 20 கிலோமீட்டர், சாலை நேராக வந்து சேரும். மேஜர் வெல்ஷுக்கு ராத்திரி முழுக்கப் பாறையில் ஏற வேண்டியிருந்தது. 1938ல் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. வழி கேட்க வேண்டிய அவசியம் போனபிறகு, எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் கொஞ்சம் போய்விடுகிறதோ என்னவோ. செத்தவர்கள் யாரும் பின்னணி ஆட்கள் இல்லை. அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீடுகளுக்குப் போகும் இடவழிகளுக்குப் பெயர் இருந்தது.

இதைப் பையனிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த வீடுகளையும் போடணும்" என்றான். யார் வீடு எங்கே, எந்தக் கிணறு பொது, எந்த வாசல் வழியாக அடுத்த விளைக்கு இறங்கலாம்? எனக்கே பாதிக்குமேல் தெரியவில்லை. பாறசாலையிலிருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டான். "பாட்டா, ஏலாவிலிருந்து கோயிலுக்கு ரோடு தொடாம எப்படிப் போவீங்க?" அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சமீபத்து விஷயங்கள் மறக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர், ஒரு வீட்டுக்காரர், ஒரு வழக்கு. அதில் பாதிப் பாதை இப்போது இல்லை என்றும் அவரே சொன்னார். கையாலையை இடித்து காம்பவுண்ட் சுவர் கட்டிவிட்டார்கள், இடவழியில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், ஏலாவில் மண் அடித்து வீடு எழுப்பிவிட்டார்கள். அந்த வீடுகளில் சில, நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் கட்டியவை. (நான் ஒரு வங்கிக்காரன், அந்தக் கடன்களைப் பற்றி வேறொரு நாள்!)

73 ஈஸ்டிங்கில் சில வாரங்களுக்குள் போய் விசாரித்தார்கள், அதனால் கிடைத்தது. வார்டும் கானரும் காலால் நடந்து அளந்தார்கள், அதனால் கிடைத்தது. எங்கள் இடவழிகளுக்கு அப்படி யாரும் போகவில்லை. சர்வே எண் பத்திரத்தில் இருக்கும், சாட்டிலைட் படத்தில் கூரை தெரியும். யார் எந்த வழியாக யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது மட்டும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் தலைக்குள் இருக்கிறது. சரித்திரத்தில் ஒரு படை ஏன் இந்தப் பக்கம் திரும்பியது, ஒரு மனிதர் எப்படித் தப்பினார் என்று நாளைக்கு யாராவது கேட்டால், விடை அந்தத் தலைகளுக்குள்தான் கிடைக்கும். அவர்கள் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே மக்களே, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, கேம் விளையாடுகிற பிள்ளையின் கையிலிருக்கும் போனையே பிடுங்காமல் ஒரு வேலை கொடுங்கள். பாட்டாவையோ அம்மச்சியையோ கூட்டிக்கொண்டு பழைய பாதைகளில் நடக்கட்டும். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து சொல்லட்டும், பிள்ளைகள் நடக்கட்டும். திருப்பத்துக்குத் திருப்பம் பெயரைக் குரலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். போன் தானே இடத்தைக் குறித்துக்கொள்ளும். பாறசாலையானாலும் சரி, பரமக்குடியானாலும் சரி, யாழ்ப்பாணத்து ஒழுங்கையானாலும் சரி. குறித்து வைத்ததை எனக்கும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம்: பையனுடைய சிப்பாய்கள் இன்னும் நெய்யாற்றைத் தாண்டவில்லை. பாட்டா சொன்ன மூன்றாவது திருப்பத்தில் நிற்கிறார்கள். நாலாவது திருப்பத்தைப் பற்றிக் கேட்க வெள்ளிக்கிழமை போன் போட வேண்டும்.